கிளார்க் தளம் (பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் வைத்திருந்த விமானப்படைத் தளம்): உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பாம்பாங்கா மாணவன்:
2012-ல் ஏஞ்சலிஸ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். கிளார்க்குக்குள் சாமான் வாங்கப் போனவன், மெயின் கேட் பக்கத்துப் படைவீரர் கல்லறைத் தோட்டத்துக்குள் சும்மா நுழைந்தேன். ஒரு கல்லில் பெயர் இருந்தது, அதற்குக் கீழே இருக்க வேண்டிய தேதியைக் காணோம். கல் பாதி மண்ணுக்குள். விரலால் தோண்டினேன். அடுப்புச் சாம்பல் போல மிருதுவாக இல்லை, சொரசொரவென்று மணல் மாதிரி வந்தது. 1991-ல் பினாட்டுபோ எரிமலை கொட்டியது, இருபத்தோரு வருடம் கழித்து என் நகக்கண்ணில். வெடித்ததும் அமெரிக்கர்கள் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள்! புல் வெட்டிக்கொண்டிருந்தது வயதான தன்னார்வலர்கள். தேதியைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

லூசோன்வாசி:
"வெடித்ததும் ஓடினார்கள்" என்பது தவறு. பெரிய வெடிப்பு ஜூன் 15. அதற்கு ஐந்து நாள் முன்பே, விஞ்ஞானிகள் எச்சரித்ததால், சுமார் 15,000 பேரை வண்டி வண்டியாகச் சுபிக்கில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கிளார்க்கை முடித்தது எரிமலை, சரி. ஆனால் சுபிக்கை முடித்தது செப்டம்பர் 16 அன்று அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை 12-க்கு 11 என்று நிராகரித்த பிலிப்பைன்ஸ் செனட். இரண்டையும் குழப்பாதீர்கள்.
என் வீட்டுக்காரம்மா தளத்தில் துணி துவைத்தவர். கேட்டில் காட்டும் பாஸை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். உறை மஞ்சளாகிவிட்டது, படத்தில் இருபது வயதுப் பெண். நவம்பர் 26 அன்று கிளார்க்கைப் பிலிப்பைன்ஸிடம் ஒப்படைத்த பிறகு அது எதற்கும் உதவாது. இருந்தும் டின்னைக் கழுவும்போதெல்லாம் பாஸைத் துடைத்துத் திரும்ப வைக்கிறார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூர் செல்வி:
எங்கள் டிரைவர் சொன்னது: எரிமலை வெடித்த அன்று பகலே இருட்டிவிட்டது, அதே நாளில் யூன்யா புயல் வேறு. மழையில் ஊறிய சாம்பலின் பாரம் தாங்காமல் பக்கத்து வீட்டுக் கூரை இறங்கியது. சொல்லும்போது இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்.
போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரியில் போங்கள், மழைக்காலம் வேண்டாம். மணிலாவிலிருந்து பஸ்ஸில் வந்தால் டாவ் நிலையத்தில் இறங்குங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றியுள்ள பழைய அதிகாரிகள் வீடுகளைக் காலையிலேயே பாருங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது. கல்லறைமேல் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முக்கியமாக, 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் இந்தத் தளத்தில் குண்டு போட்டதைப் படித்துவிட்டுப் போங்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதல் செய்தி வந்து பல மணி நேரமாகியும், குண்டு விழுந்தபோது விமானங்கள் தரையில்தான் நின்றன. அது தெரியாமல் போனால் வெறும் புல்வெளிதான் கண்ணில் படும்.

டாவ்காரன்:
மாணவன், 2013-ல் அமெரிக்காவில் சட்டம் வந்து, கல்லறைப் பராமரிப்பை அவர்கள் அரசே ஏற்றுக்கொண்டது. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். அந்தப் பெயரும் வரிசையும் நினைவிருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஞாயிறு போய்த் தேதியைப் பார்த்து எழுதுகிறேன்.