ஹட்டன்: ஜன்னல் மாற்றும்போது கொட்டேசனுக்கு (விலை மதிப்பீட்டுக்கு) மேல் செலவு

கேள்வி: 4 அடிக்கு 4 அடி மர ஜன்னல் மூன்றுக்குப் பதிலாக அலுமினியம். பழைய ஜன்னல் நிலையை (மரச்சட்டத்தை) கழற்றினால் அடிக்கட்டை உக்கிக் கிடக்கு, பூச்சும் உதிர்ந்துவிட்டது. அதைத் திருத்த வேலைக்காரர்கள் தனிக்காசு கேட்கிறார்கள். நியாயமா?

பதில் 1: பூச்சு வேலை அலுமினியக் கொட்டேசனில் பெரும்பாலும் இருக்காது, அது மேசன் பாஸ் (கொத்தனார்) கணக்கு. சீமெந்து, மணல், கூலி என்று பிரித்து எழுதி வாங்குங்க. அதுவரை வேலையை நிறுத்துங்க.

பதில் 2: காசைவிட ஈரம் எப்படி வந்தது என்று பாருங்க அண்ணே. நம்ம பக்கம் மழை சாய்ந்தடிக்கும். ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவர்க்கட்டு தட்டையாக இருந்தால் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும். சீமெந்து ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு (1:3) கலவையில் வெளிப்பக்கம் சரிவாகப் பூசச் சொல்லுங்க. ஃபிரேமுக்கு அளவு எடுப்பது அதற்குப் பிறகுதான். முந்தினால் அரை அங்குலம் பிசகும், இடைவெளியை அடைக்கிற சிலிக்கன் பசை டியூப் டியூபாகப் போகும்!

பதில் 3: கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடியும் துளையைச் சிலிக்கனால் அடைத்துவிடுவார்கள். கவனம்.