ஃபோகஸ்: குவியமா, நிற்பிடமா?

ஐயா, வணக்கம்.

கணினியில் வரும் 'ஃபோகஸ்' (focus) என்ற சொல்லுக்குத் தமிழில் 'குவியம்' போதும் என்று எழுதியிருந்தீர்கள். லென்ஸ் பாடத்துக்கு அது பொருந்தும். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் பார்வையற்றவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது கைகொடுக்கவில்லை.

இவர்கள் மவுஸைத் தொடுவதில்லை. எஃப், ஜே விசைகளில் உள்ள சின்ன மேட்டைத் தடவி விரலை வைத்தால், மற்றதெல்லாம் விசைப்பலகையில்தான். டேப் தட்டத் தட்ட இணைப்பு, பொத்தான், எழுதும் பெட்டி என்று தாவும்; திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளான என்விடிஏ (NVDA) அதைச் சொல்லும். (பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இலவசம், அதனால் எங்களுக்கு அதுதான்.) அடுத்துத் தட்டும் விசை எதற்குப் போய்ச் சேரும் என்பதே ஃபோகஸ். இதில் எந்த ஒளியும் குவியவில்லை.

போன வாரம் ஒரு மாணவி அடுத்த தலைப்புக்குப் போக எச் தட்டினார். "எச், எச்" என்று குரல் வந்ததே தவிர தலைப்பு வரவில்லை. பக்கம் திறந்ததுமே ஃபோகஸ் தேடல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தட்டியதெல்லாம் அங்கே எழுத்தாக விழுந்தது. எஸ்கேப் தட்டியபிறகுதான் எச் தன் வேலையைச் செய்தது. அப்போது நான் கேட்டது, "இப்ப எங்க நிக்கறீங்க?" வகுப்பில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதும் இப்படித்தான். அதனால் 'நிற்பிடம்' என்கிறேன். நிற்பிட வரிசை, நிற்பிடம் தொலைந்தது என்று தொடர்களும் தடங்கலின்றி வருகின்றன. மலையாளத்தில் படித்து வந்தவர்களுக்கும் 'நில்ப்பு' தெரியும், விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இவர்களுக்குச் சொல் காதுவழிதான் வருகிறது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற கணினிக் குரலை வேகமாக வைத்துக் கேட்டுப் பாருங்கள், 'குவியம்' எது 'குவியல்' எது என்று பிடிபடாது.

வெறும் 'நிலை' வேண்டாம். ஸ்டேட், மோடு இரண்டும் அதை எப்போதோ பிடித்துக்கொண்டன.

---

தம்பி, குவியத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் கர்சரும் ஓரிடத்தில் நிற்பதுதானே? அப்புறம், வினைச்சொல்லுக்கு என்ன செய்வீர்கள்? 'நிறுத்து' என்றால் ஸ்டாப் ஆகிவிடும்.

---

ஐயா, கர்சர் வேறு. சாதாரணத் தலைப்பில் டேப் நிற்காது. எச் தட்டினால், என்விடிஏ படிக்கும் இடத்தைக் குறிக்கும் கர்சர் மட்டும் அங்கே போகும், ஃபோகஸ் பழைய இணைப்பிலேயே இருக்கும். புதிதாக வருபவர்கள் குழம்புவதும் இங்கேதான். அந்தக் கர்சரைப் 'படிப்பிடம்' என்றால் இரண்டும் பிரிந்துவிடும்.

வினைக்கு 'நிறுத்து' ஆகாது, சரிதான். 'நிற்பிடமாக்கு' வாயில் நுழைய மறுக்கிறது. வகுப்புக்கு 'நிற்பிடத்தை மாற்று' போதும். நிரல் எழுதுபவர்கள் இதைவிடச் சின்னதாக ஒன்று வைத்திருந்தால் சொல்லட்டும்.