கேட்காமலே வந்த கடவுச்சொல் மீட்டமைப்பு மின்னஞ்சலில் வேறொரு களப்பெயர்

வைகைக்கரை (வினா):
எங்கள் நூலகத்தின் உறுப்பினர் பதிவும் நூல் இரவல் கணக்கும் உள்ள, பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய செயலி, வாடகை சர்வர் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக இயங்குகிறது. அதை எழுதித் தந்தவர் இப்போது எங்களோடு இல்லை. சென்ற வாரம் உறுப்பினர் ஒருவருக்கு, அவர் கேட்காமலேயே, கடவுச்சொல் மீட்டமைப்பு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பிய முகவரியும் வாசகமும் எங்களுடையவைதாம். ஆனால் சொடுக்க வேண்டிய இணைப்பில் எங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு களப்பெயர் (டொமைன்) இருந்தது. அவர் சொடுக்காமல் என்னை அழைத்துச் சொன்னார். யாரோ சர்வருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று அஞ்சிக் கோப்புகள் அனைத்தையும் பழைய காப்பு நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வரிகூட மாறவில்லை. அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

நெய்தல்:
கோப்பு மாறாததில் வியப்பில்லை, ஐயா. அந்தப் பெயரை வெளியிலிருந்து வந்தவரே உங்கள் செயலியிடம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு இணையக் கோரிக்கையிலும் எந்தத் தளத்தை நாடி வந்தது என்பதைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெடர் என்ற தலைப்பு வரி இருக்கும். அதை அனுப்புபவர் விரும்பியபடி எழுதலாம். பல செயலிகள் மீட்டமைப்பு இணைப்பை உருவாக்கும்போது தளத்தின் முகவரியை அந்த ஹெடரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே உறுப்பினரின் மின்னஞ்சலைப் படிவத்தில் இட்டு, ஹெடரில் தம்முடைய களப்பெயரை வைத்து ஒருவர் அனுப்பினால், உண்மையான டோக்கனும் (கடவுச்சொல்லை மாற்ற அனுமதிக்கும் இரகசியக் குறியீடு) பொய்யான முகவரியும் சேர்ந்த இணைப்பு உங்கள் சர்வரிலிருந்தே புறப்படும். யாரேனும் அதைச் சொடுக்கினால் டோக்கன் அந்தப் பொய்க் களப்பெயரை வைத்தவர் கைக்குப் போய்விடும்.

கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்குத் தரும் வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் இயல்புப் பகுதி என்று எதையும் நீங்கள் குறிக்கவில்லை என்றால், பெயர் பொருந்தாத கோரிக்கையை, அது வந்த போர்ட்டுக்கு (வாயில் எண்) முதலில் எழுதப்பட்ட சர்வர் பகுதியே ஏற்றுக்கொள்ளும். பொருந்தாதவற்றுக்குத் தனிப் பகுதி எழுதி, 444 என்ற குறியீட்டைத் திருப்பச் சொன்னால் வந்தவரின் தொடர்பு துண்டிக்கப்படும். ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். செயலி வேறு ஹெடர்களையும் நம்பக்கூடும் என்பதால், தளத்தின் முகவரியை அமைப்புக் கோப்பில் நிலையாக எழுதி, மின்னஞ்சலுக்கு அங்கிருந்து மட்டுமே எடுப்பதுதான் உண்மையான தீர்வு.

தும்பை:
மீட்டமைப்பு இணைப்பை உருவாக்கும் கோப்பில் டோக்கன் எப்படி உருவாகிறது என்றும் பாருங்கள். யூனிக்ஐடி என்ற பிஎச்பி செயற்கூறு என்றால் அது நேரத்தைக் கொண்டு ஆக்கப்பட்டது. எம்டி_ரேண்ட் என்றால் அதன் விதை (எண் வரிசையைத் தொடங்கும் எண்) 32 பிட்டுக்குள் அடங்கிவிடுவது. இரண்டையும் ஊகிக்க முடியும். பிஎச்பி 7.0 முதல், ஊகிக்க முடியாத மதிப்பைத் தரும் ரேண்டம்_பைட்ஸ் இருக்கும்போது வேறெதுவும் தேவையில்லை. தரவுத்தளத்தில் டோக்கனை அப்படியே வைக்காமல் அதன் ஹாஷை (மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாத குறி) வையுங்கள். ஒரு மணி நேரத்தில் காலாவதியாகட்டும், ஒரு முறைக்கு மேல் செல்லாமல் இருக்கட்டும்.

கார்முகில்:
மேலே சொன்னவை சரி; ஆனால் இணைப்பு எங்கே போகிறது என்பதைப் போலவே மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் மென்பொருளைச் சொந்த சர்வரில் வைத்திருந்தவர்கள் 2024 ஜனவரியில் பட்ட பாடு இதற்குச் சான்று. படிவத்தில் ஒரு முகவரிக்குப் பதிலாக இரண்டைப் பட்டியலாக அனுப்பினால், மீட்டமைப்பு மின்னஞ்சல் இரண்டுக்கும் போனது; கணக்குக்கு உரியவரின் முகவரி ஒன்று, தாக்குபவரின் முகவரி மற்றொன்று. 16.1 பதிப்பில் புகுந்த அந்தப் பிழைக்குத் தீவிர மதிப்பெண்ணாக 10க்கு 10 தரப்பட்டது. இரண்டாம் காரணிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) வைத்திருந்தவர்களின் கடவுச்சொல்லை மாற்ற முடிந்ததே தவிர, கணக்குக்குள் நுழைய முடியவில்லை.

பைதான் மொழியின் வலைச் சட்டகமான ஜாங்கோவும் தப்பவில்லை. புள்ளியில்லாத துருக்கிய ஐ (ı) எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினால் வழக்கமான ஐ (I) ஆகிவிடுவதால், உறுப்பினரின் முகவரியைப் போலவே தோன்றும் இன்னொரு முகவரி தரவுத்தள ஒப்பீட்டில் பொருந்தியது. மின்னஞ்சலோ படிவத்தில் இட்ட முகவரிக்கே போனது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம், பதிவில் உள்ள முகவரிக்கே மின்னஞ்சல் போகும்படி செய்தது. உங்கள் செயலியிலும் மின்னஞ்சல் எந்த முகவரிக்குப் போகிறது என்று முடிவு செய்யும் வரியைத் தேடிப் பாருங்கள்.

வைகைக்கரை:
நெய்தல் அவர்கள் சொன்னபடியே, இணைப்பு ஹோஸ்ட் ஹெடரிலிருந்துதான் உருவாகியிருந்தது, திருத்திவிட்டேன். மின்னஞ்சலும் படிவத்து முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். ஆனால் என்ஜின்எக்ஸின் வழக்கமான பதிவுக்கோப்பில் ஹோஸ்ட் பெயர் எழுதப்படுவதில்லை என்பதால், இதற்கு முன் எத்தனை பேருக்கு இப்படிப் போயிற்று என்று அறிய முடியவில்லை. எல்லா உறுப்பினர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டுமா?

நெய்தல்:
முதலில், நிலுவையில் உள்ள டோக்கன்கள் அனைத்தையும் இன்றே அழித்துவிடுங்கள். அந்த உறுப்பினர் சொடுக்கவில்லை என்பது நிம்மதி தருவதன்று. சில மின்னஞ்சல் சேவைகள் இணைப்புகளைச் சோதிப்பதற்காகத் தாமே திறந்து பார்க்கின்றன, அப்போதும் டோக்கன் வெளியே போய்விடும். பிறகு பதிவுக்கோப்பில், மீட்டமைப்பைக் கேட்ட ஐபி முகவரிகளையும் கடவுச்சொல்லை மாற்றிய ஐபி முகவரிகளையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே ஐபி பல உறுப்பினர்களுக்காகக் கேட்டிருந்தால், அந்த உறுப்பினர்களின் பழைய உள்நுழைவுகளை நீக்கிவிட்டு, மின்னஞ்சலில் அல்லாமல் தொலைபேசியில் சொல்லுங்கள். பதிவுக்கோப்பு சில வாரங்களுக்குத்தான் இருக்கிறது என்றால், எல்லோரையும் மாற்றச் சொல்வதே நேர்மை.