கொலராடோ மஸில்லோடர் சீசன்: .50 ஹாக்கனுக்கு எந்தக் கூம்பு குண்டு?

கார்த்தி_டென்வர்
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் மஸில்லோடர் (குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் இறக்கற துப்பாக்கி) சீசனுக்கு மியூல் மான் டேக் (வேட்டை அனுமதி) கிடைச்சிருக்கு. கையில இருக்கறது பழைய தாம்சன் சென்டர் ஹாக்கன், குழல் விட்டம் .50 அங்குலம். இதுவரைக்கும் உருண்டைக் குண்டும் துணியும் வச்சு டார்கெட் மட்டும்தான் சுட்டிருக்கேன். மானுக்கு இன்னும் கனமா வேணும்னு தோணுது. இங்க சேபோ (குண்டைச் சுத்தியிருக்கற பிளாஸ்டிக் உறை) போடக் கூடாது, அதனால முழுக் கூம்பு குண்டுதான். கடையில 245 கிரெய்ன்ல (எடை அளவு, சுமார் 15 கிரெய்ன் ஒரு கிராம்) இருந்து 460 வரைக்கும் அடுக்கி வச்சிருக்காங்க. எதை எடுக்கறது?

மலைமேகம்
245 எடுங்க ப்ரோ. மருந்தை 120 கிரெய்ன் போட்டா வேகமா, நேரா போகும்.

ஈயக்காய்ச்சி
ஹாக்கன்ல 120 வேண்டவே வேண்டாம். துப்பாக்கியோட கையேட்டுல போட்டிருக்கற உச்ச அளவுதான் எல்லை.

கார்த்தி தம்பி, குண்டைத் தேடறதுக்கு முன்னாடி குழலைப் பாருங்க. ஹாக்கன்ல குழலுக்குள்ள இருக்கற வரிப்பள்ளம் வழக்கமா 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய துப்பாக்கி, யாராவது குழல் மாத்தியிருக்கலாம், அதனால அளந்துடுங்க. கைப்பிடி சுழலற கம்பியில துணியை இறுக்கமா மாட்டி அடிவரைக்கும் இறக்குங்க. வாய்ப் பக்கம் கம்பியில ஒரு கோடு போட்டு மெதுவா இழுங்க. கம்பி கால் சுற்று திரும்பறதுக்கு 12 அங்குலம் வெளியே வந்தா அது 48.

குண்டு நீளமாக ஆக வேகமான சுற்று வேணும். 460 கிரெய்ன் குண்டுக்கு 28 அங்குலச் சுற்றுதான் சரி. 48ல அது தள்ளாடிக்கிட்டே போகும், தாள்ல துளை நீள்வட்டமா விழும். உங்களுக்கு மேக்ஸி-பால் 370, ஹார்னடி கிரேட் ப்ளெய்ன்ஸ் 385, சொந்தமா வார்க்கறதா இருந்தா லீ ரியல் 320. நான் முதல்ல 385தான் சுட்டுப் பார்ப்பேன்.

ஈயம் சுத்தமா, மெத்துன்னு இருக்கணும். நகத்தால கீறினா கோடு விழணும். மருந்து வெடிக்கிற அழுத்தத்துல குண்டோட அடி விரிஞ்சு வரிப்பள்ளத்தைக் கவ்வுது, துல்லியமே அதுலதான் இருக்கு. வீல் வெயிட் (வண்டிச் சக்கரத்துல மாட்டற எடைக்கட்டி) ஈயம் கெட்டி, அப்படி விரியாது.

இதை யாரும் அலட்சியம் பண்ணாதீங்க: குழல் வாயில வச்சதும் குண்டு தானா வழுக்கி உள்ளே போச்சுன்னா அந்தக் குண்டு உங்களுக்கு ஆகாது. கொஞ்சம் அழுத்தித்தான் இறங்கணும். உருண்டைக் குண்டைத் துணி பிடிச்சுக்கும், கூம்புக்கு அந்தப் பிடி இல்லை. குழலைக் கீழே சாய்ச்சுக்கிட்டு சரிவுல இறங்கினா குண்டு முன்னால நகர்ந்துடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். குண்டு மருந்து மேல சரியா உட்கார்ந்திருக்கும்போது ராம்ராடுல (குண்டைத் தள்ளி இறக்கற கம்பி) டேப் ஒட்டி வைங்க. நிக்கற இடத்துலெல்லாம் ராடை விட்டு டேப் அதே இடத்துல நிக்குதான்னு பாருங்க.

மருந்து 70ல ஆரம்பிச்சு அஞ்சஞ்சா ஏத்துங்க. கொலராடோவுல இந்த சீசனுக்குத் தூள் மருந்துதான், பெல்லட் (கட்டியா அழுத்தின மருந்து) கூடாது. புகையில்லா மருந்து பக்கமே போகாதீங்க. செப்டம்பர் வெயில்ல குண்டுல தடவின மெழுகும் கொழுப்பும் உருகி மருந்துல இறங்கும், நடுவுல ஒரு ஃபெல்ட் வட்டு வச்சா போதும்.

ஸ்கோப்பும் கிடையாது, அதனால 100 யார்டுக்குள்ளயே நில்லுங்க. 100க்கு சரி பண்ணின துப்பாக்கியில 385 கிரெய்ன் குண்டு 150ல ஒரு சாண் அளவுக்குக் கீழே இறங்கிடும். மானோட நெஞ்சுல அது பெரிய தூரம், காயத்தோட ஓடிப்போன மானை நாள் முழுக்கத் தேட வேண்டி வரும்.

வனஜா_சாக்ரமெண்டோ
கலிஃபோர்னியாவுல இருந்து யாராவது படிச்சா: 2019 ஜூலை 1ல இருந்து இங்க வேட்டைக்கு ஈயமே கூடாது. நான் தோர் செப்புக் குண்டு போடறேன், என் குழல் 28 சுற்று. செம்பு ஈயம் மாதிரி விரியாது, அதனால குழலோட விட்டத்துக்குப் பொருந்தற அளவைத் தேடி எடுக்கணும். ஆயிரத்துல ஒரு அங்குலம் மாறினாலும் இறக்கும்போது கையில தெரியும்.

கார்த்தி_டென்வர்
ரொம்ப நன்றிண்ணா. அளந்துட்டேன், கால் சுற்றுக்கு 12 அங்குலம் சரியா வந்துச்சு. 385 வாங்கிட்டேன். மருந்து 80ல அஞ்சு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுது, 90ல சிதறுது.

ஈயக்காய்ச்சி
அப்ப 80லயே நில்லுங்க தம்பி. வேட்டையில முதல் குண்டு சுத்தமான குழல்ல இருந்துதான் போகும். அதனால அடுத்த தடவை ஒவ்வொரு குண்டுக்கும் முன்னாடி ஈரத்துணி ஒண்ணு, காய்ஞ்ச துணி ஒண்ணு விட்டுத் துடைச்சு சுடுங்க. அந்தக் குண்டுங்க எங்க விழுதோ அதுக்குத்தான் சைட்டைத் திருப்பணும்.