24 வோல்ட் போட்டில் நாலு பேட்டரி: நடுவிலிருந்து 12 எடுக்கலாமா?

நீரோடி_தெற்கு

அண்ணன்மாருக்கு வணக்கம். தேங்காய்ப்பட்டணத்துல கிடக்கிற 52 அடி ஸ்டீல் போட். எஞ்சின் 24 வோல்ட், ஸ்டார்ட்டுக்குத் தனி செட் இருக்கு, அதைத் தொடப்போறதில்லை. கேள்வி லைட்டுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் உள்ள செட்டைப் பத்தி.

இப்போ 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) டியூப்லர் பேட்டரி ரெண்டு இருக்கு, வாங்கி எட்டு மாசம். அதே மாடல்ல இன்னும் ரெண்டு வாங்கி நாலாக்கணும். டெக்ல 24 வோல்ட் எல்இடி, 30 வாட் வீதம் பத்து. எக்கோ (ஆழமும் மீனும் காட்டுற கருவி), ஜிபிஎஸ், விஎச்எஃப் வயர்லெஸ் மூணும் 12 வோல்ட், சேர்த்துச் சராசரி 6 ஆம்பியர். போன் சார்ஜுக்கும் மிக்ஸிக்கும் 1500 வாட், 24 வோல்ட் இன்வெர்ட்டர். பேட்டரி எஞ்சின் ரூம்ல, அங்கிருந்து வீல் ஹவுஸ் (போட் ஓட்டுற அறை) 5 மீட்டர்.

நாலையும் எப்படிக் கட்டணும், சீரிஸா பேரலலா? ரெண்டு பேட்டரிக்கு நடுவுல ஒரு வயர் எடுத்தா 12 கிடைச்சிடும்னு வயரிங் பண்றவர் சொல்றார், சரியா? ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர்?

வள்ளவிளை_வயரிங்

தம்பி, நடு வயரை முதல்ல மறந்திடு. உன் செட்டுல பேட்டரியைச் சாகடிக்கிற விஷயம் அதுதான்.

6 ஆம்பியர் பத்து மணி நேரம் ஓடினா 60 ஏஎச். நடுவுல எடுத்தா அது கீழ் பேட்டரியிலிருந்து, அதாவது நெகட்டிவ் பக்கம் உள்ளதிலிருந்து மட்டும் போகும், மேல் பேட்டரிக்கு ஒண்ணும் தெரியாது. விடிஞ்சு எஞ்சின் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணும்போது ரெண்டிலும் ஓடுறது ஒரே கரண்ட். மேல் பேட்டரி சீக்கிரம் நிறைஞ்சு கொதிக்க ஆரம்பிக்கும், கீழ் பேட்டரி பாதியில நிக்கும். மொத்தம் 28 வோல்ட்டுன்னு மீட்டர் காட்டுறதால எல்லாம் சரின்னு தோணும். கொஞ்ச நாள் போனா மேல் பேட்டரியில தண்ணி வத்தியிருக்கும், கீழ் பேட்டரித் தகட்டுல சல்ஃபேட் பிடிச்சிருக்கும். 12 வோல்ட்டுக்கு 24-12 டிசி கன்வெர்ட்டர் ஒண்ணு, 20 ஆம்பியர் போதும். விஎச்எஃப் 25 வாட்ல பேசும்போது அது மட்டும் 5, 6 ஆம்பியர் இழுக்கும், அதையும் தாங்கும். எக்கோவோட பின்பக்கத்தைப் பாரு, 10 முதல் 35 வோல்ட்னு போட்டிருந்தா நேரா 24லயே கொடுக்கலாம்.

சீரிஸ்ல வோல்ட் கூடும், ஏஎச் அப்படியே. பேரலல்ல ஏஎச் கூடும், வோல்ட் அப்படியே. உனக்கு ரெண்டும் வேணும்: ரெண்டு ரெண்டா சீரிஸ் கட்டி, அந்த ரெண்டு ஜோடியையும் பேரலல். 24 வோல்ட் 300 ஏஎச், அதாவது 7200 வாட் அவர். ராத்திரி பத்து மணி நேரச் செலவு லைட்டுக்கு 3000, கன்வெர்ட்டர் நஷ்டமும் சேர்த்து எலக்ட்ரானிக்ஸுக்கு 800, மொத்தம் 3800. பாதிக்குக் கீழே இறக்காம இருந்தாத்தான் பேட்டரி நாள்பட உழைக்கும், பாதி 3600. ரெண்டு லைட்டை அணைச்சா 3200, நிம்மதி. மிக்ஸி இந்தக் கணக்குல வரல, அதை எஞ்சின் ஓடும்போது போடு.

ஃபியூஸைப் பாசிட்டிவ் முனையிலிருந்து ஏழு இஞ்சுக்குள்ள வை, ஒரு சாணுக்கும் குறைவு. அது காப்பாத்துறது வயரை. முனைக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல உள்ள வயருக்குக் காவல் இல்லை, அதான் அந்தத் துண்டு குட்டையா இருக்கணும். வீல் ஹவுஸ்ல ஃபியூஸ் வச்சிட்டு அஞ்சு மீட்டர் வயரை வெறுமனே விட்டா, பல்க்ஹெட் தடுப்புச்சுவர் ஓட்டையில உரசி ஸ்டீல்ல தொட்ட நிமிஷம் வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் 100 ஆம்பியர், 35 சதுர மில்லி கேபிள். ரெண்டும் சேருற செம்புப் பட்டை, அதாவது பஸ்பாருக்குப் பிறகு 125 ஆம்பியர், 50 சதுர மில்லி. இன்வெர்ட்டர் முழு லோடுல 75 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதுக்குத்தான் இந்த அளவு. கண்ணாடி ஃபியூஸும் கார் பிளேடு ஃபியூஸும் இந்த இடத்துக்கு ஆகாது. ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதை அறுக்கிற திறன் உள்ள ஏஎன்எல் மாதிரி போல்ட் ஃபியூஸ் வேணும்.

ரெண்டு ஜோடியிலிருந்தும் பஸ்பாருக்குப் போற கேபிள் ஒரே நீளத்துல இருக்கட்டும். ஒண்ணு குட்டை ஒண்ணு நீளம்னா குட்டை வயர் ஜோடிதான் எல்லா வேலையும் பார்க்கும். பஸ்பார் இல்லாம நேரா இணைச்சா, பாசிட்டிவை முதல் ஜோடியிலும் நெகட்டிவைக் கடைசி ஜோடியிலும் எடு, குறுக்கா.

அமிலமானி

மேலே அண்ணன் சொன்ன எல்லாம் சரி. பழசு புதுசு விஷயத்தை நான் சொல்றேன்.

எட்டு மாசம்ங்கிறது எல்லைக்கோடு. பழசு ரெண்டையும் தனித்தனியா முழுசா சார்ஜ் பண்ணி, சில மணி நேரம் ஒண்ணும் மாட்டாம வச்சு, 12.6 வோல்ட்டுக்கு மேல நிக்குதான்னு பாருங்க. பிறகு ஆசிட் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர். ஆறு செல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும், ஒரு செல் மட்டும் 0.030க்கு மேல குறைஞ்சா அந்தப் பேட்டரியை இந்தச் செட்டுல சேர்க்காதீங்க. தேறினா பழசு ரெண்டும் ஒரு ஜோடி, புதுசு ரெண்டும் ஒரு ஜோடி. ஒரே ஜோடியில பழசும் புதுசும் கலக்கவே கூடாது.

காரணம் கணக்குலயே இருக்கு. ஜோடியில பழசோட ஒரு செல் ஷார்ட் ஆனா 12 செல்லுக்குப் பதில் 11 தான். ஆல்டர்னேட்டர் 28.8 கொடுத்துக்கிட்டே இருக்கும், ஒரு செல்லுக்கு 2.62 வோல்ட் விழும். கூட நிக்கிற நல்ல பேட்டரிக்கு 15.7. அது கொதிச்சு ஹைட்ரஜன் விடும். காத்துல 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தா ஒரு பொறி போதும். ஹைட்ரஜன் மேலதான் ஏறும், அதனால பெட்டி மூடியோட உச்சியில வெளியே போற குழாய் இருக்கணும். கீழே மட்டும் ஓட்டை போட்டா பிரயோஜனம் இல்லை.

எஞ்சின் ரூம் 40 டிகிரி இருந்தா 28.8ங்கிறதே அதிகம், 28.1 கிட்ட போதும். ரெகுலேட்டர் எவ்வளவு கொடுக்குதுன்னு பேட்டரி முனையிலயே மீட்டர் வச்சுப் பாருங்க.

வீட்டு இன்வெர்ட்டருக்கு விக்கிற உயரமான டியூப்லர்னா போட் ஆடும்போது ஆசிட் தளும்பும், தலை கனத்துச் சாயும். நாலும் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல வரும். எஃப்ஆர்பி (ஃபைபர்) தட்டுல, போட்டோட நடுக்கோட்டுக்குக் கிட்ட, பட்டை போட்டு இறுக்கணும். கையால தள்ளினா ஒரு இஞ்சுகூட நகரக் கூடாது. போட் அடியில தேங்குற பில்ஜ் தண்ணி எட்டாத உயரமும் வேணும். கடல்தண்ணி செல்லுக்குள்ள போனா வர்றது குளோரின், நெஞ்சை அடைக்கிற விஷ வாயு.

நீரோடி_தெற்கு

ரொம்ப நன்றி அண்ணே. கன்வெர்ட்டரே வாங்கிடறேன். மாட்டும்போது எந்த வரிசையில மாட்டணும்? ரெண்டாவது ஜோடியைச் சேர்க்கும்போது பொறி பறக்கும்ங்கிறாங்க.

தோப்பும்படி_ஜெட்டி

மக்கா, சரியா இருந்தா பெரிய பொறி வராது. வந்தா எங்கேயோ தப்பு.

கையில மோதிரம், காப்பு, கழுத்துல குருசுச் செயின் எல்லாம் கழட்டி வீல் ஹவுஸ்ல வை. ஸ்பேனரோட பிடியில டேப் சுத்து, வாய் மட்டும் வெளியே தெரியணும். எல்லா ஃபியூஸும் கழட்டி, எல்லா லோடும் ஆஃப்.

முதல் ஜோடி: ஒண்ணாம் பேட்டரி பாசிட்டிவையும் ரெண்டாம் பேட்டரி நெகட்டிவையும் ஒரு துண்டு கேபிள் இணைக்கும். மிச்சம் ரெண்டு முனையில 25.2 முதல் 25.4 காட்டணும். இப்படியே ரெண்டாவது ஜோடி. ஜோடியை இணைச்ச பிறகு அதோட வெளி முனை ரெண்டையும் பழைய பழக்கத்துல இன்னொரு துண்டால சேர்த்திடாதே. 24 வோல்ட்டு நேர் ஷார்ட், கேபிள் கையிலயே உருகும்.

ரெண்டு ஜோடி நெகட்டிவையும் நெகட்டிவ் பஸ்பார்ல போடு. முதல் ஜோடி பாசிட்டிவ், ஃபியூஸ் போட்டு பாசிட்டிவ் பஸ்பாருக்கு. ரெண்டாவது ஜோடியோட பாசிட்டிவ் கேபிள் லக்கை (முனை வளையத்தை) ஃபியூஸ் ஹோல்டர்ல போட்டு இறுக்கு, ஃபியூஸ் மட்டும் போடாதே. இப்போ மீட்டரை ஹோல்டரோட ரெண்டு பக்கமும் வை. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா ஃபியூஸ் போடலாம். 12 கிட்ட காட்டினா ஒரு பேட்டரி விட்டுப்போச்சு. 50 காட்டினா ஜோடி தலைகீழ், அங்கே ஃபியூஸ் போட்டா மூஞ்சியில வெடிக்கும். அரை வோல்ட் மாதிரி வந்தா ஒரு ஜோடி சார்ஜ் கம்மி, தனியா சார்ஜ் பண்ணிட்டு வா.

லக் எல்லாம் தகரப்பூச்சுச் செம்பு, ஹைட்ராலிக் கருவியால அழுத்தின கிரிம்ப், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். சுத்தியலால அடிச்ச லக்குக்குள்ள உப்புக்காத்து ஏறிப் பச்சை பிடிக்கும், அங்கேதான் சூடாகும். முழு லோடு அரை மணி ஓடின பிறகு ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால தொட்டுப் பாரு. ஒண்ணு மட்டும் சுட்டா அதைக் கழட்டித் திரும்ப கிரிம்ப் பண்ணு.

வள்ளவிளை_வயரிங்

ஒண்ணு விட்டுட்டேன். விஎச்எஃப்புக்கு மட்டும் தனியா 12 வோல்ட் 65 ஏஎச் ஒண்ணு, மூடிய விஆர்எல்ஏ வகை, வீல் ஹவுஸ்ல உயரத்துல மாட்டு. எஞ்சின் ரூம்ல தண்ணி ஏறினா நாலு பேட்டரியும் ஒரே நேரத்துல போயிடும், அப்போதான் வயர்லெஸ் வேணும். 2017 ஒக்கிப் புயலைப் பார்த்த கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதுக்கு வெறும் கன்வெர்ட்டர் பத்தாது, 24-12 சார்ஜராவே வாங்கு: 14.4க்கு ஏத்தி 13.6ல நிறுத்தணும். அந்தப் பேட்டரிக்கும் ஏழு இஞ்சுக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ். எக்கோவை அதுல மாட்டாதே.