பத்தில் ஒரு பங்கு போனாலே சிறு படை தடுமாறுவது ஏன்?

பண்டாரவளை வாசகர்:
20,000 பேர் உள்ள படையில் 2,000 பேர் செத்தும் காயப்பட்டும் போனால், மிச்சம் 18,000 பேர் இருக்கிறார்களே? பிறகு ஏன் தாக்க முடியாமல் நிற்கிறது? இடத்தை எப்படி நிரப்புவார்கள்? ஏ.எல். பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

ஹட்டன் செக்ரோல்:
தோட்டக் கணக்கில் பாருங்க சேர். செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவில், 300 பேர், பெக்டரி, ஆபீஸ், லொறி, பிள்ளைக் காம்பரா போக மலையில் கொழுந்து எடுப்பது 150 பேர் என்று வைப்போம். கொழுந்து எடுப்பவர்களில் 30 பேர் வராவிட்டால் செக்ரோலில் பத்தில் ஒன்று, மலையில் ஐந்தில் ஒன்று. படையிலும் சமையல், லொறி, சிக்னல், களஞ்சியம் எல்லாம் அந்த 20,000க்குள்தான். ரைபிள் கம்பனிகளில், அதாவது துப்பாக்கியோடு நேரில் சண்டை போடும் சிறு பிரிவுகளில், நிற்பது சில ஆயிரம் பேர், அடி பெரும்பாலும் அவர்கள் மேல்தான்.

120 பேர் கம்பனி 60 ஆனால் பாதி வேலையாவது நடக்கும் என்று எண்ணாதீங்க. காயக்காரர் ஒருத்தரை ஸ்ட்ரெச்சரில் மேட்டுக்குத் தூக்க நாலு பேர் வேணும், தூரம் என்றால் மாற்றாளோடு எட்டு. நம்ம கங்காணி மாதிரி ஆட்களை நடத்துகிற சார்ஜன்ட், லெப்டினன்ட் முன்னால் நிற்பதால் சீக்கிரம் விழுவார்கள். அந்த இடத்துக்கு ஆள் உருவாக்க வருஷக்கணக்கு ஆகும்.

புது ஆட்களை ஒவ்வொருத்தராக முன்வரிசைக்கு அனுப்புவது மோசமான முறை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை அப்படிச் செய்தது. பக்கத்தில் நிற்பவர் பேர்கூடத் தெரியாமலே பலர் மாண்டார்கள். அடிபட்ட இரண்டு கம்பனியைப் பின்னால் எடுத்து ஒன்றாக்கி, பழையவர்களோடு புதியவர்களைப் பழக்கி அனுப்புவதே சரி. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பட்டாலியன்கள் (பல கம்பனிகள் சேர்ந்த பிரிவு) தாக்குதலுக்கு முன்பே கொஞ்சம் அதிகாரிகளையும் சார்ஜன்ட்களையும் பின்னால் நிறுத்தி வைத்தது இதற்காகத்தான்.

நானுஓயா:
1973 போரில் இஸ்ரேலும் சிரியாவும் மோதிய கோலான் மேடு நல்ல உதாரணம். இஸ்ரேலின் 188ஆவது கவச பிரிகேட் (டாங்கிப் படைப்பிரிவு) தன் தளபதியையே இழந்தது. ஒக்டோபர் 9 அன்று, பழுது பார்த்த பத்துப் பன்னிரண்டு டாங்கிகளில் அங்கங்கே கிடைத்த ஆட்களை ஏற்றி, 7ஆவது பிரிகேட்டுக்கு உதவிக்கு அனுப்பினார்கள். ஒரு டாங்கிக்கு நாலு பேர். ஆளும் இரும்பும் ஒரே இடத்தில் சேர்ந்ததால்தான் அது பலித்தது.

மருந்துப் பெட்டி:
காயக்காரரைக் காப்பாற்றுவதும் ஆள் நிரப்புவதுதான். கை காலில் இரத்தம் பீறிட்டால் டூர்னிக்கேயை (இரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை) காயத்துக்கு 5–7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, இரத்தம் நிற்கும்வரை இறுக்கி, நேரத்தை எழுத வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் இரத்தம் திரும்பிப் போகும் நாளம் மட்டும் அடைபட்டு, இரத்தம் கொண்டு வரும் தமனி ஓடிக்கொண்டே இருக்கும், இரத்தப் போக்கு கூடும். உக்ரேனில் ட்ரோன் பயத்தால் காயக்காரரை உடனே வெளியே எடுக்க முடிவதில்லை. கட்டி இரண்டு மணித்தியாலம் தாண்டினால் தசை பாழாகத் தொடங்கும். அதற்குள் பயிற்சி பெற்றவர் காயத்துக்குள் துணி திணித்து அழுத்தக் கட்டுக்கு மாற்றப் பார்க்க வேண்டும். ஆறு மணித்தியாலம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வெளியே அவிழ்க்கவே கூடாது. பெக்டரி ரோலரில் கை மாட்டி இரத்தம் பீறிட்டாலும் கட்டும் முறை இதேதான்.