குப்பை சேகரிக்கும் பெண்களின் சங்கம்: அறக்கட்டளையா, கூட்டுறவா?

கேள்வி:
எங்கள் ஊரில் குப்பை சேகரித்துப் பிழைக்கும் பெண்கள் மாதச் சந்தா போட்டு ஒரு சங்கம் நடத்துகிறார்கள். நான் கணக்கு எழுதித் தருகிறேன். இதை அறக்கட்டளையாகப் பதிவு செய்து வெளிநிதி தேடலாமா, கூட்டுறவாக வளர்க்கலாமா? அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் அமைப்பான சேவா வளர்ந்த விதத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
சேவா 1972இல் தொழிற்சங்கமாகப் பதிவானது. தலைச்சுமை தூக்குவோருக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் முதலாளி என்று ஒருவர் இல்லாதபோது சங்கம் எதற்கு என்று பதிவுத்துறை தயங்கியது. முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, உழைப்பவர்கள் ஒன்றுபடுவதற்கும் சங்கம் தேவை என்று சேவாவின் நிறுவனர் இலா பட் வாதாடினார். கந்துவட்டியிலிருந்து மீள்வதற்காக 1974இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்குத்தொகை போட்டுக் கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரை அடையாளம் காணப் பாஸ்புக்கில் அவருடைய புகைப்படத்தை ஒட்டினார்கள். இந்தச் சிறு ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பதில் 2:
சேவாவில் தேவை முன்னே வந்தது, அமைப்பு பின்னே வந்தது. நாகை வட்டாரத்தில் காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் 1981இல் தொடங்கிய, உழுபவருக்கு நிலம் பெற்றுத்தரும் லாஃப்டி அமைப்பும் அப்படித்தான்: நிலவுடைமையாளர்களிடம் பேசி, விலை முடித்து, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் பத்திரம் பதிந்தது. வெளிநிதி வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன், பழைய இரும்புக் கடைக்காரரிடம் உங்கள் உறுப்பினர்கள் எடையிலும் விலையிலும் எவ்வளவு இழக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். அந்த இழப்பு பெரிதாக இருந்தால், சொந்தத் தராசும் கூட்டு விற்பனையும் கொண்ட கூட்டுறவே பொருந்தும்.